ரயிலடி யாருக்கு?

(சென்னை மாம்பலத்தில் கூடிய ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியது)



இன்று நம்மைப் பேசச் சொல்லியிருக்கும் விஷயம், நகரத்து ரயில் நிலையங்களைச் சுற்றியுள்ள இடங்களைத் திருத்தி அமைப்பது என்பதாகும். இது எஞ்சினீயர்கள் பேச வேண்டிய விஷயமாயிற்றே, சாமியையும் சாதியையும் பற்றிப் பேசிக்கொண்டிருப்பவர்களுக்கு இதில் என்ன வேலை என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். நமக்கு எஞ்சினீயர் படிப்பு இல்லை என்பது வாஸ்தவந்தான். எத்தனை மாடிக்கு எவ்வளவு இரும்பு வேண்டும் என்று கேட்டால் நமக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் அந்த மாடியில் குடியிருக்கப் போகிறவன் யார், கீழே கடையில் நாளெல்லாம் நிற்கப் போகிறவள் யார், அந்த இடத்தில் இதற்கு முன் குடிசை போட்டிருந்தவன் எங்கே போனான், மண்ணின் விலை ஏறினால் அந்த ஏற்றம் யாருடைய பெட்டிக்குள் விழுகின்றது என்று கேட்பதற்கு எஞ்சினீயர் படிப்பு வேண்டியதில்லை. கொஞ்சம் மானமும் கொஞ்சம் கணக்கும் தெரிந்தால் போதும்.

தோழர்களே! ரயில் இந்த நாட்டுக்கு வந்தபோது சாஸ்திரம் படித்தவர்கள் பயந்தார்கள். பயந்தவர்களே முதலில் டிக்கெட்டும் வாங்கினார்கள். காசிக்குப் போகிற அவசரத்தில், யார் என்று தெரியாதவனோடு தோளை இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அவர்கள் மனம் திருந்திவிட்டது என்று நாம் சொல்லவில்லை. வண்டிக்குள் வேறு வழியில்லை, அவ்வளவுதான். வண்டி நின்றதோ இல்லையோ, வைதிகம் எழுந்து நின்றது. நிலையத்துச் சிற்றுண்டிச் சாலையில் பிராமணாளுக்கு ஒரு இடம், இதராளுக்கு ஒரு இடம் என்று பலகை தொங்கிற்று. இரண்டு இடத்துக்கும் கொடுப்பது ஒரே காசு. அந்தப் பலகைகளை எடுக்கச் சொல்லி நம் இயக்கம் எத்தனையோ காலம் கூப்பாடு போட்ட பிறகு, 1941-ஆம் வருஷத்தில்தான் ரயில்வேக்காரர்கள் அவற்றைக் கழற்றினார்கள்.

அது நிலையத்துக்கு உள்ளே. நிலையத்துக்கு வெளியே நடந்த ஒன்றையும் சொல்லுகின்றோம். 1901-ஆம் வருஷம், டாக்டர் அம்பேத்கர் பத்து வயதுப் பையனாக இருந்த காலத்தில், வெளியூரில் வேலை பார்த்த தகப்பனாரைப் பார்க்க அண்ணனுடனும் அக்காள் பிள்ளைகளுடனும் ரயிலேறி மசூர் என்ற நிலையத்தில் இறங்கினார். நல்ல உடை உடுத்தியிருந்த பிள்ளைகளைக் கண்டு அன்பாய் விசாரித்த நிலைய அதிகாரி, இவர்கள் மகார் சாதி என்று தெரிந்தவுடன் முகம் மாறிப் பின்வாங்கினார். வெளியே மாட்டு வண்டிகள் நிறைய நின்றன. ஒரு வண்டிக்காரனாவது ஏற்றிக்கொள்ளவில்லை. கடைசியில் இரண்டு பங்கு கூலி கொடுத்து, வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட, வண்டிக்காரன் கூட நடந்துவருவது என்று ஏற்பாடாயிற்று. இதை அவரே எழுதி வைத்திருக்கின்றார். ரயில் எத்தனையோ மைல் தூரத்தைச் சாதி பார்க்காமல் கொண்டுவந்து சேர்த்தது. அதற்கப்பால் மிஞ்சியிருந்த தூரத்தில்தான் சாதி காத்துக்கொண்டிருந்தது.

இப்போது நகரமைப்புக்காரர்கள் பேசுவதும் அந்த மிஞ்சிய தூரத்தைப் பற்றியேயாகும். நிலையத்திலிருந்து ஐந்து அல்லது பத்து நிமிஷம் நடக்கக்கூடிய வட்டத்துக்குள், அதாவது 500 முதல் 800 மீட்டருக்குள், வீடுகளையும் ஆபீசுகளையும் கடைகளையும் நெருக்கமாய், உயரமாய்க் கட்டவேண்டும்; நடப்பதற்கு நல்ல பாதை வேண்டும்; பஸ்ஸும் ரயிலும் ஒன்றையொன்று தொடவேண்டும்; மோட்டார் வைத்திருப்பவன் மாத்திரமே சௌகரியமாய்ப் போகலாம் என்கிற நிலைமை மாறவேண்டும் என்கின்றார்கள். 2017-இல் டில்லி சர்க்கார் இதற்கென்றே ஒரு கொள்கையும் வெளியிட்டிருக்கின்றது. இது நல்ல யோசனை என்பதை நாம் ஒளிக்காமல் ஒப்புக்கொள்ளுகின்றோம். மோட்டார் இல்லாதவன்தான் ஊரில் அதிகம். அவன் நடந்தே வேலைக்குப் போகக்கூடுமானால் அது அவனுக்குக் கூலி உயர்ந்ததற்குச் சமானம்.

இது புது யோசனையும் அல்ல. ஜப்பானில் கொபயாஷி இச்சிஸோ என்பவர் 1910-இல் ஒசாகாவிலிருந்து வெளியூருக்கு மின்சார ரயில் விட்டபோது, பாதை ஓரத்தில் முன்கூட்டியே நிலம் வாங்கி வீடு கட்டி, மாதத் தவணையில் விற்றார். பிறகு 1929-இல் ரயில் புறப்படுகிற நிலையத்திலேயே பெரிய பல்பொருள் அங்காடியையும் வைத்தார். வீட்டுக்காரன் ரயிலுக்குப் பிரயாணியானான். பிரயாணி கடைக்கு வாடிக்கைக்காரனானான்.

அவ்வளவு தூரம் போவானேன்? நாம் உட்கார்ந்திருக்கும் இந்த மாம்பலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1920-ஆம் வருஷத்தில் சென்னை மாகாணத்துக்கு ஒரு நகரமைப்புச் சட்டம் வந்தது. அதற்குப்பின் நீதிக்கட்சி ஆட்சியின்போது, இங்கே நீண்டு கிடந்த பெரிய ஏரியின் ஒரு பாகத்தைத் தூர்த்து, தெருக் கோடு போட்டு, மனை பிரித்து உண்டாக்கியதுதான் தியாகராய நகர். நடுவில் பனகல் அரசர் பெயரால் பார்க்கு. ரோடுகளுக்கு டாக்டர் நாயர், உஸ்மான் என்று நம்மவர் பெயர். பக்கத்திலே ரயில் பாதை. 1931-இல் பீச்சிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயிலும் ஓட ஆரம்பித்துவிட்டது. திட்டமிட்ட ஊரும் அதற்கேற்ற ரயிலும் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குள் இந்தச் சென்னையிலேயே உண்டாகியிருக்கின்றன என்றால், இன்றைக்கு முடியாது என்று சொல்லுகிறவர்கள் சோம்பேறித்தனத்துக்குச் சமாதானம் சொல்லுகின்றார்கள் என்பதுதான் அர்த்தம்.

நம்மவர் செய்ததென்பதற்காகப் புகழ்ந்துகொண்டே போக நாம் தயாராயில்லை. ஏரியைத் தூர்த்தார்கள், தண்ணீர் மறக்கவில்லை. 2015-லும் 2021-லும் இந்தத் தெருக்களுக்குள் வந்து தன் பழைய இடத்தைக் காட்டிவிட்டுப் போயிற்று. மற்றொன்று, மனைகளைப் பெரியதாய்ப் பிரித்தார்கள். பெரிய மனையை வாங்கக் கூடியவன் யார்? உத்தியோகஸ்தன், வக்கீல், வியாபாரி. அந்த வீடுகளில் பாத்திரம் தேய்க்க வந்தவர்களுக்கும் தோட்டம் கொத்த வந்தவர்களுக்கும் மனை எங்கே என்று அன்றைக்கு யாரும் விசாரித்ததாகத் தெரியவில்லை. சாதி உயர்வு தாழ்வைச் சட்டசபையில் தாக்கிய கட்சியே, ஊரை அளக்கிற சங்கிலி கைக்கு வந்தபோது பணத்தின் உயர்வு தாழ்வை அப்படியே விட்டுவிட்டது. அந்தத் தப்பை இன்னொரு தடவை செய்யவேண்டாம் என்பதற்காகவே இதைச் சொல்லுகின்றோம்.

இப்பொழுது ரெங்கநாதன் தெருவைப் பாருங்கள். மாம்பலம் நிலையத்தை விட்டு இறங்கினால் கால் வைக்க இடமில்லை. இந்தியா முழுவதிலும் தேடினாலும் இவ்வளவு வியாபாரம் நடக்கிற குறுகிய தெரு கிடைப்பது அரிது. அதன் விலை எதனால் வந்தது? கடைக்காரர் கெட்டிக்காரர்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதே கெட்டிக்காரர் அதே கடையை ரயில் இல்லாத ஒரு பொட்டலில் வைத்திருந்தால் ஈ ஓட்டிக்கொண்டிருந்திருப்பார். ஜனங்களின் வரிப்பணத்தில் போட்ட ரயிலும், அந்த ரயிலில் வந்து இறங்குகிற ஜனங்களின் காலடியும்தான் அந்த மண்ணுக்கு விலை கொடுத்தன. 2023-இல் நிலையத்திலிருந்து பஸ் நிலையம் வரை சுமார் 570 மீட்டர் நீளத்துக்கு ஆகாய நடைபாதை கட்டினார்கள். நல்ல காரியம். அதுவும் பொதுப் பணம். 2020-இல் தொடங்கிய மெட்ரோ இரண்டாம் கட்டத்தில், மொத்தம் 118.9 கிலோமீட்டரில், பனகல் பார்க்கிலும் ஒரு நிலையம் அமைகின்றது. அதுவும் பொதுப் பணம். ஒவ்வொன்றுக்கும் சுற்றுப்புற மனைக்காரனுடைய விலை ஏறுகின்றது. அவன் தூங்கிக்கொண்டிருக்கும்போதே ஏறுகின்றது.

இதோடு இன்னொரு தானமும் உண்டு. மனையின் பரப்பைப்போல் இத்தனை மடங்குதான் கட்டலாம் என்று விதி இருக்கின்றது. 2019-ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டு விதிகளின்படி சாதாரணக் கட்டடத்துக்கு 2 மடங்கு, உயர்ந்த மாடிக் கட்டடத்துக்கு 3.25 மடங்கு, பணம் கட்டினால் அதற்கு மேலும் கொஞ்சம். நிலையத்தைச் சுற்றி இந்த மடங்கை இன்னும் உயர்த்தவேண்டும் என்பதுதான் இந்தத் திட்டங்களுக்கு உயிர்நாடி. உயர்த்தட்டும். ஆனால் கையெழுத்து ஒன்றினால் ஆகாயத்தில் நாலு மாடியை உண்டாக்கி ஒருவனுக்குக் கொடுக்கின்றோமே, அந்த நாலு மாடியில் ஜனங்களுக்குப் பங்கு என்ன என்று கேட்கவேண்டாமா?

ரயில் நிலையங்களைப் புதுப்பிக்க 2022-இல் டில்லியில் அறிவித்த திட்டத்துக்கு 'அம்ருத பாரதம்' என்று பெயர் வைத்திருக்கின்றார்கள். மாம்பலமும் அந்த ஜாபிதாவில் இருக்கின்றது. பெயர் வைத்தவர்கள் அறிந்து வைத்தார்களோ அறியாமல் வைத்தார்களோ, பொருத்தமாய்த்தான் இருக்கின்றது. பாற்கடலைக் கடைந்த புராணம் உங்களுக்குத் தெரியும். கடைந்தவர்கள் இரண்டு தரப்பார். பாம்பின் விஷ மூச்சு வருகிற தலைப் பக்கத்தைப் பிடித்து இழுத்தவர்கள் அசுரர்கள். அமிர்தம் வந்ததும் ஒருவர் மோகினி வேஷம் போட்டு வந்து, பந்தியில் ஒரு பக்கத்துக்கு மாத்திரம் பரிமாறிவிட்டார்! அந்தப் பந்தி விசாரணை இங்கேயும் நடக்கக்கூடாதென்பதுதான் நம்முடைய கவலை.

ஹாங்காங்கில் என்ன செய்கின்றார்கள் என்றால், ரயில் வருவதற்கு முன் என்ன விலையோ அந்த விலைக்கு நிலையத்து மேலும் பக்கமும் கட்டுகிற உரிமையை ரயில் கம்பெனிக்கே சர்க்கார் கொடுத்துவிடுகின்றது. ரயில் வந்தபின் ஏறுகிற விலையில் லாபம் கம்பெனிக்கு. அந்தக் கம்பெனியில் முக்கால் பங்கு சர்க்காருடையது. ஆகவே ஏற்றம் பெரும்பாலும் ரயிலுக்கே திரும்புகின்றது. அதனால் அங்கே ஏழைக்குச் சுலபமாய் வீடு கிடைத்துவிட்டதென்று நினைத்துவிடாதீர்கள். உலகத்திலேயே வீட்டு விலை அதிகமான ஊர்களில் அது ஒன்று. லாபம் யாருக்கு என்பது ஒரு கேள்வி. வீடு யாருக்கு என்பது வேறு கேள்வி. முதற் கேள்விக்கு மாத்திரம் பதில் சொல்லிவிட்டு இரண்டாவதை விட்டுவிட்டால் இப்படித்தான் ஆகும். நம்மிடமும் முதற் கேள்விக்கு ஆயுதம் இல்லாமலில்லை. 1920-ஆம் வருஷத்துச் சட்டத்திலேயே, நகரமைப்பினால் விலை ஏறின நிலத்துக்காரனிடம் மேம்பாட்டு வரி வசூலிக்க இடம் வைத்திருந்தார்கள். ஆயுதம் துருப்பிடித்ததற்கு யார் காரணமென்று நாம் சொல்லவேண்டியதில்லை.

நிற்க, இரண்டாவது கேள்விக்கு வருவோம். ரெங்கநாதன் தெருக் கடைகளில் நிற்கிற பிள்ளைகளில் பலர் தென் ஜில்லாக்களிலிருந்து வந்தவர்கள். நின்றபடியே வேலை. உட்காருவதற்கு ஒரு ஆசனம் கொடுக்கவேண்டும் என்பதற்கே 2021-ஆம் வருஷத்தில் சட்டம் திருத்தவேண்டியிருந்தது என்றால், அதற்கு முன்பு அவர்கள் கால் பட்ட பாட்டை யோசித்துப் பாருங்கள். இவர்கள் இரவில் படுப்பது முதலாளி காட்டுகிற விடுதியில். வேலை போனால் அன்றைக்கே படுக்கையும் போய்விடும். அந்தப் பயத்தில் வாய் திறப்பார்களா? ரயிலடியில் சொந்தமாய் ஒரு வாடகை அறை இருந்தால் திறப்பார்கள்.

நகரத்திலேயே பிறந்து வளர்ந்த ஏழைகளின் கதி இன்னும் மோசம். கூவத்துக் கரையிலும் அடையாற்றுக் கரையிலும் பக்கிங்ஹாம் கால்வாய்க் கரையிலும் இருந்தவர்களை 2000-ஆம் வருஷம் முதல் கண்ணகி நகருக்கும், பிறகு செம்மஞ்சேரிக்கும், பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய் வைத்தார்கள். கண்ணகி நகர் சென்ட்ரலிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர். மற்ற இரண்டும் அதற்கும் அப்பால். கரையோரம் வெள்ளம் வரும் என்று காரணம் சொன்னார்கள். பெரும்பாக்கம் எங்கே இருக்கின்றது? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டி இருக்கின்றது! அங்கிருந்து மாம்பலத்தில் வீட்டு வேலை செய்கிற அம்மாள் விடியுமுன் பஸ்ஸுக்கு நிற்கவேண்டும். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்றாக்கியது மெய்யாகவே பெரிய உதவி; பாராட்டுகின்றோம். ஆனால் காசு மிஞ்சிற்றே ஒழிய நேரம் மிஞ்சவில்லை. ரயிலடியில் அவளுக்கு ஒரு வீடு இருந்தால் இரண்டும் மிஞ்சும்.

இதிலே ஒரு வேடிக்கை. இப்போது மெட்ரோவின் தூண்கள் அந்தப் பழைய மகாபலிபுரம் ரோட்டின் மேலேயே எழுந்திருக்கின்றன. அதாவது, ஊருக்கு வெளியே என்று தள்ளிவைக்கப்பட்டவர்களைத் தேடிக்கொண்டு ரயில் போகின்றது. ரயில் போனால் விலையும் போகும். விலை போனால் அந்த இடத்தின்மேல் கண்ணும் போகும். "உங்களுக்கு இன்னும் நல்ல இடம் பார்த்திருக்கின்றோம்" என்று சொல்லிக்கொண்டு யாராவது வந்தால் அவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்பதைக் கண்ணகி நகர்த் தோழர்கள் இப்பொழுதே யோசித்து வைத்துக்கொள்வது நல்லது.

சரி, வீடு கட்டியாகிவிட்டது, வாடகை கொடுக்கப் பணமும் இருக்கிறதென்றே வைத்துக்கொள்ளுங்கள். கதவு திறக்குமா? நமக்குத் தெரிந்த ஒரு வாலிபர், நல்ல சம்பளக்காரர், ரயிலடிக்குப் பக்கத்தில் வீடு தேடினார். வீட்டுக்காரர் சம்பளத்தைக் கேட்கவில்லை. "என்ன சாப்பிடுவீர்கள்?" என்று கேட்டார். அதற்குப் பதில் சொன்னவுடன் "உங்கள் சொந்த ஊரில் எந்தத் தெரு?" என்று கேட்டார். மூன்றாவது கேள்விக்கு அவசியமில்லாமல் போயிற்று. "சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு மாத்திரம்" என்று அட்டை தொங்குகின்றதே, அது கறியைப் பற்றிய விஷயமா? 1941-இல் நிலையத்துக்குள்ளிருந்து கழற்றிய பலகை, ரோட்டைத் தாண்டி வந்து வீட்டு வாசலில் ஏறிக்கொண்டதென்றுதான் நாம் சொல்லுவோம். பார்ப்பனர்களை மாத்திரம் சொல்லுவதாக நினைத்துச் சிரிக்கவேண்டாம். பார்ப்பனரல்லாத வீட்டுக்காரர்களும் இதில் இளைத்தவர்களல்லர். ஆதிதிராவிடர் என்றால் ஒரு சாக்கு, முஸ்லிம் என்றால் ஒரு சாக்கு, தனியாயிருக்கிற பெண் என்றால் இன்னொரு சாக்கு. சட்டத்துக்குப் போகலாமென்றால், 2005-இல் ஆமதாபாத் பார்சி வீட்டுச் சங்க வழக்கில், ஒரு கூட்டுறவுச் சங்கம் தன் மதத்தார் மாத்திரமே அங்கத்தினர் என்று விதி வைத்துக்கொள்ளலாம் என்று சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கின்றது.

ஆகையால் பொது ஜனங்களுக்கு உரிய மாடிகளை வீட்டுக்காரன் இஷ்டத்துக்கு விடக்கூடாது என்கின்றோம். ரயிலடி வட்டத்துக்குள் மேல் மாடிக்கு அனுமதி வாங்குகிறவன், அப்படி அதிகமாய்க் கிடைத்த பரப்பில் ஒரு பாகத்தைச் சர்க்காரிடம் ஒப்படைக்கவேண்டும். சர்க்கார் அதை விற்காமல் வாடகைக்கு விடவேண்டும், அதுவும் அந்த வட்டத்துக்குள் வேலை செய்கிறவர்களுக்கு முதலில். யாருக்கு எத்தனை வீடு என்பதற்கு வழி தெரியாதா? 1998-இல் பெரியார் நினைவுச் சமத்துவபுரம் கட்டினார்களே; 100 வீட்டில் ஆதிதிராவிடருக்கு 40, பிற்பட்டோருக்கு 25, மிகவும் பிற்பட்டோருக்கு 25, மற்றவர்களுக்கு 10 என்று பங்கிட்டு, அடுத்தடுத்த வாசலாய்க் குடிவைத்தார்களே! கிராமத்து ஓரத்தில் கட்டியதை மாம்பலம் ரயிலடியில் ஏன் கட்டக்கூடாது? நகரத்தில் முடியாது என்பீர்களானால், நம்மவர் பலர் வாழ்கிற சிங்கப்பூரில், முக்கால்வாசி ஜனங்களுக்கு மேல் குடியிருக்கும் சர்க்கார் மாடி வீடுகளில், 1989 முதல் ஒவ்வொரு கட்டடத்திலும் சீனர், மலாய்க்காரர், இந்தியர் இவ்வளவுக்கு மேல் போகக்கூடாதென்று அளவு வைத்திருக்கின்றார்கள். அதே ஊரில் தனியார் வாடகை வீடுகளில் இந்தியனுக்குக் கதவடைப்பு உண்டென்ற புகாரும் இருக்கின்றது. அதுவும் நாம் சொல்லுவதற்கே சாக்ஷி. சர்க்கார் கை இருக்கிற இடத்தில் கதவு திறக்கின்றது, இல்லாத இடத்தில் மூடுகின்றது.

"ஏழைகளைக் கொண்டுவந்து வைத்தால் இடத்தின் தரம் கெட்டுவிடும்" என்று சிலர் சொல்லுகின்றார்கள். விடியற்காலையில் அதே ஏழை வந்து வாசல் பெருக்கினால்தான் தரம் வருகின்றது. இரவு அங்கேயே படுத்தால் தரம் போய்விடுமாம்! இந்தத் தர்க்கத்துக்கு நாம் பதில் சொல்லிக்கொண்டிருக்க உத்தேசமில்லை.

நடைபாதையைப் பற்றி ஒரு வார்த்தை. நிலையத்தைச் சுற்றி என்ன திட்டம் போட்டாலும் கடைசியில் மனிதன் நடக்கவேண்டும். இரண்டு கஜ அகல நடைபாதையில் ஒரு கஜத்தைப் பிள்ளையார் எடுத்துக்கொண்டால், பிள்ளைத்தாய்ச்சி ரோட்டில் இறங்கி பஸ்ஸுக்கு முன்னால் நடக்கவேண்டியதுதான். பொது இடங்களில் புதிதாய் எந்த மதத்துக் கோயிலும் எழுப்பக்கூடாதென்று 2009-லேயே சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டிருக்கின்றது. சர்க்கார் கட்டடத்துக்கு வாஸ்து பார்ப்பதும், அடிக்கல்லுக்கு ஐயரைத் தேடுவதும் நிற்கவேண்டும். ரயில் ராகு காலத்திலும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றது.

கடைசியாக ஒரு காரியம். தியாகராய நகரில் வண்டி ஏறுகிற தோழர்கள் கூட்டம் முடிந்து நிலையத்துக்கு நடக்கும்போது, வழியில் "வீடு வாடகைக்கு" என்று தொங்குகிற அட்டைகளை நின்று வாசியுங்கள். எத்தனை அட்டையில் சைவம் என்றிருக்கின்றது, எந்தத் தெருவில், என்ன வாடகை என்று குறித்து, அட்டையிலுள்ள நம்பருக்குப் பேசிப் பாருங்கள். என்ன கேட்டார்கள், என்ன பதில் சொன்னார்கள் என்பதை வரும் வாரத்துக்குள் இந்தப் பத்திரிகை ஆபீசுக்கு எழுதியனுப்பினால், நிலையத் திட்டத்தின்மேல் ஆட்சேபம் சொல்ல நாள் குறிக்கும்போது அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு நாம் எல்லோரும் சேர்ந்தே போகலாம். தாம்பரம் வண்டிக்கு நேரமாகிவிட்டதென்று பின்னால் இருப்பவர்கள் எழுந்திருக்கின்றார்கள். இத்துடன் நிறுத்திக்கொள்ளுகின்றோம்.